நெருங்கியவரின் நோய் பொய்யோ என்று சந்தேகம் வந்தால்

நெருங்கிய உறவு ஒருவர் தனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்கிறார். வீடே கலங்கிப்போய் நிற்கிறது. அந்த நேரத்தில் உங்களுக்கு மட்டும் ‘இது நிஜம்தானா?’ என்று ஒரு நினைப்பு வருகிறது. வெளியே சொன்னால் கல்நெஞ்சம் என்பார்கள். சொல்லாவிட்டால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். ஒருவேளை நோய் உண்மையாகவே இருந்து அவர் போய்விட்டால், கடைசி நாட்களில் அவரைச் சந்தேகப்பட்டோமே என்ற பாரம் காலத்துக்கும் இறங்காது. இந்தத் தவிப்பை நான் அனுபவித்திருக்கிறேன். இன்றும் யாராவது ஒருவர் இதே நிலையில், யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கலாம். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அது என் பெரியப்பா மகள். எனக்கு அக்கா. கூடப் பிறந்தவர்கள் போலத்தான் வளர்ந்தோம். அவளுக்குச் சினைப்பையில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. அது எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா போய்க் கூட இருந்தார். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. கட்டி புற்றுநோய், நான்காம் கட்டம், ஆறு மாதம் தாண்டுவது கஷ்டம். அத்தான் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். பெரியம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை.

முதலில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போக ஆரம்பித்தன. சித்தியிடம் கீமோ வாரா வாரம் என்றாள். என்னிடம் மாதம் ஒருமுறை என்றாள். யாராவது கூட வருகிறேன் என்றால் கீமோ தேதி தள்ளிப்போகும். அவர்கள் ஊருக்குத் திரும்பியதும் ‘நேத்துதான் போட்டாங்க’ என்பாள். ரிப்போர்ட்டைக் கேட்டதற்கு வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். பயாப்சி, அதாவது எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்த ரிப்போர்ட்தான். அவள் பெயர், வயது, ஆபரேஷன் தேதி எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் கட்டியின் அளவும் நிறமும் எழுதியிருந்த இடத்தோடு படம் முடிந்திருந்தது. பயாப்சி ரிப்போர்ட்டில் முதலில் கண்ணால் பார்த்ததை எழுதுவார்கள். அடுத்து மைக்ராஸ்கோப்பில் தெரிந்ததை எழுதுவார்கள். என்ன நோய் என்ற முடிவு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அந்தக் கடைசி வரிகள் படத்தில் இல்லை. மிச்சத்தையும் அனுப்பச் சொன்னேன். ‘ஃபைல் ஆஸ்பத்திரியிலேயே இருக்குடா’ என்றாள்.

இப்படி வரிசையாக எழுதிப் பார்த்தால் பொய் என்பது பளிச்சென்று தெரிவது போல இருக்கும். அன்று அப்படித் தெரியவில்லை, தெரியவும் முடியாது. ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கலாம். கீமோவில் வாரா வாரம் போடும் முறையும் உண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் முறையும் உண்டு. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்திருந்தால் போன இடத்திலேயே தேதியைத் தள்ளிவைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயந்துபோயிருக்கும் நோயாளி டாக்டர் சொன்னதில் பாதியை மறப்பார், மீதியை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார். தன்னை அந்தக் கோலத்தில் யாரும் பார்க்க வேண்டாம் என்று தனியாகவே போய்வரும் நோயாளிகள் நிறைய உண்டு. கைநடுக்கத்தில் எடுத்த போட்டோவில் பாதிப் பக்கம் விட்டுப்போவதும் நடக்கிற விஷயம்தான்.

சந்தேகம் வந்தவுடன் எல்லோரும் முதலில் செய்வது ஆளைப் பார்த்து முடிவு கட்டுவது. ‘நல்லாத்தானே இருக்கா, தலைமுடிகூடக் கொட்டலையே, உடம்பு பூசினாப்ல இருக்கே.’ இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லாக் கீமோ மருந்துக்கும் முடி கொட்டாது. கொட்டும் மருந்தாக இருந்தாலும் ஆரம்பித்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் கொட்டத் தொடங்கும். கூடவே தரும் ஸ்டீராய்டால் முகம் உப்பி எடை கூடும். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் என்ற மாத்திரையை வீட்டிலேயே தினமும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். என் நண்பனின் மாமனாருக்கு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். கணையத்தில் புற்றுநோய் என்றார். ஆள் திடமாக நடமாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சொத்துத் தகராறில் அனுதாபம் தேடத்தான் இப்படிச் சொல்கிறார் என்று மூத்த மகன் ஊரெல்லாம் பேசினார். நோய் உண்மை. அது முற்றியபோது சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மகன் இன்றுவரை அப்பாவின் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

மறுபக்கமும் உண்டு. மொட்டைத் தலையும் மருத்துவக் காகிதமும் நோய்க்கு ஆதாரம் ஆகிவிடாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அமாண்டா ரைலி என்ற பெண் 2012 முதல் பல ஆண்டுகள் தனக்குப் புற்றுநோய் என்று சொல்லி, ஒரு லட்சம் டாலருக்கும் மேல் நன்கொடை வாங்கினார். தலையை மழித்துக்கொண்டார், டாக்டர்கள் எழுதியது போலக் கடிதங்களைத் தயாரித்தார். 2022-இல் அவருக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அவரை நம்பியவர்கள் ஏமாளிகள் அல்ல. சாகப்போகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது நம்புவதுதான் மனித இயல்பு.

இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும். உண்மை, பொய் என்று இரண்டே பெட்டிகள் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பரவியிருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கவும்’ என்று இருப்பதை ‘பரவிவிட்டது’ என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. சிறிய நோயைப் பெரிதாக்கிச் சொல்பவர்கள் உண்டு. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் தனக்குக் கொடிய நோய் என்று மனதார நம்புகிறவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் படும் வேதனை நிஜம். இன்னும் சிலருக்கு நோய் உண்மையாகவே இருக்கும், ஆனால் சொல்லும் நோய் வேறாக இருக்கும். வெளியே சொல்லக் கூச்சப்படும் நோயை மறைக்க வேறொரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். இதில் எது என்பதை வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் நான் துப்பறிவதை விட்டுவிட்டேன். நம்பலாமா வேண்டாமா என்று என்னை நானே கேட்டுக்கொள்வதையும் நிறுத்தினேன். நோய் உண்மையாக இருந்தாலும், பொய்யாக இருந்தாலும், இரண்டிலும் சரியாக இருக்கக்கூடிய காரியம் எது? அதை மட்டும் செய்வது என்று முடிவெடுத்தேன். இது சமாளிப்பு அல்ல. செய்து பார்த்தபோது இதற்கு ஒரு பலம் இருப்பது தெரிந்தது. உண்மையான நோயாளி நாம் அருகில் போகப் போக, கொஞ்சம் தயங்கினாலும், ஏதாவது ஒரு இடத்தில் நம்மை உள்ளே விட்டுவிடுவார். கூட வர வேண்டாம் என்பவர் மருந்து வாங்கித் தரச் சொல்வார். ரிப்போர்ட்டைக் காட்டாதவர் டாக்டரின் பெயரையாவது சொல்வார். பொய்யென்றால் எல்லாப் பக்கமும் கதவு மூடும். விலகி நின்று வேவு பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

நான் அவளிடம் சொன்னேன், “அக்கா, அடுத்த கீமோவுக்கு நான் லீவு போட்டுட்டு வர்றேன். தேதியை மட்டும் சொல்லு. உள்ள வரலை, வெளிய உக்காந்திருக்கேன்.”

“வேண்டாம்டா. நீ பாத்தா தாங்க மாட்டே.”

“சரி, அப்ப வீட்டிலேருந்து கூட்டிட்டுப் போய் வாசல்ல விட்டுட்டு வந்துடறேன்.”

அதற்கும் வேண்டாம் என்றாள்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன். அது அவள் மகளை நினைத்துக் கேட்டது. “ராத்திரி காய்ச்சல் வந்தா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு சொல்லியிருக்காங்க? பாப்பாகிட்ட எழுதிக் கொடுத்து வெச்சுடலாம்.” கீமோ எடுப்பவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே விடியும்வரை காத்திருக்காமல் உடனே அழைக்கச் சொல்வார்கள். கீமோ எடுக்கிறவர்கள் வீட்டில் இந்த நம்பரும் தெர்மாமீட்டரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அக்காவுக்கு இந்த விஷயமே புதிதாக இருந்தது. ‘அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலையே’ என்றாள். இதுவும் ஆதாரம் ஆகாது. சொன்னதை மறந்திருக்கலாம், சரியாக விளக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் பாருங்கள், நோய் உண்மையென்றால் அந்தக் கேள்வி ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடியது. பொய்யென்றால் யாரையும் அது காயப்படுத்தவில்லை. இப்படிப்பட்ட கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

அவள் என்ன சொன்னாள் என்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பிடித்துக்கொடுப்பதற்காக அல்ல. சந்தேகம் வந்துவிட்டால் நம் ஞாபகமே நம்மை ஏமாற்றும். அவள் ‘ஒருவேளை’ என்று சொன்னது நம் தலையில் ‘நிச்சயம்’ என்று பதிந்திருக்கும். சித்தி சொன்னதையும் அவள் வாயால் கேட்டதையும் கலந்துவிடுவோம். எழுதிப் பார்த்தபோது நான் முரண் என்று நினைத்த சில விஷயங்கள் முரணே இல்லை என்று தெரிந்தது. சில மட்டும் அப்படியே நின்றன.

பணம்தான் அடுத்த சிக்கல். உறவுகள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அவள் சொந்தக் கணக்குக்கு. இதை நிறுத்தச் சொன்னால் நான்தான் வில்லன். அதனால் நிறுத்தச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டிவிடலாம், அவளுக்கு அலைச்சல் மிச்சம் என்றேன். நோயாளி எண்ணும் பில்லும் இருந்தால் எங்கிருந்தும் கட்டலாம். எல்லோருக்கும் இது நல்ல யோசனையாகவே பட்டது. அக்காவுக்கு மட்டும் கோபம் வந்தது. ‘என் மேல நம்பிக்கை இல்லையா’ என்று அழுதாள். கோபமும் பொய்க்கு அடையாளம் அல்ல என்பதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கை நீட்டி வாங்கும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று கூசும் மனிதர் கணக்குக் கேட்டாலே சுருங்கிப்போவார். ஆனாலும் நேராகக் கட்டுவது என்ற வழக்கத்தை நான் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்வேன். சந்தேகமே இல்லாத இடத்திலும் அதுதான் நல்லது. பொதுமக்களிடம் நிதி திரட்ட இணையத்தில் பக்கம் தொடங்குகிறார்கள் என்றால், ஆதாரம் பார்க்காமல் அதை நம் பெயரில் பிறருக்கு அனுப்பக் கூடாது. நம்மை நம்பித்தான் அவர்கள் கொடுப்பார்கள். சந்தேகம் வலுத்தால் புகார் செய்ய அந்தத் தளங்களிலேயே வசதி இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று மாமா ஒருவர் சொன்னார். கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவர் அங்கே சிகிச்சை எடுக்கிறாரா என்பதைக்கூட டாக்டர் வெளியே சொல்லக் கூடாது என்பது மருத்துவ நெறி. ஆனால் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. டாக்டர் நம்மிடம் பேச முடியாதே தவிர, நாம் டாக்டரிடம் சொல்வதற்குத் தடை இல்லை. ‘நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், நான் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதிக் கொடுக்கலாம். அதன்பின் அவர் பார்த்துக்கொள்வார். அவளுடைய போனைத் திறந்து பார்ப்பது, பீரோவைக் குடைவது, அவள் பெயரில் உள்நுழைந்து ரிப்போர்ட்டை இறக்குவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம். நோய் உண்மை என்று தெரியவந்தால் அந்த உறவு அதோடு முடிந்துவிடும்.

நான் முதலில் பேசியது அத்தானிடம். ஏன் அவரிடம் என்றால், திரும்பப் பெற முடியாத காரியங்களில் இறங்கப்போனவர் அவர்தான். வேலையை ராஜினாமா செய்துவிட்டு வருகிறேன் என்றார், இடத்தை விற்கிறேன் என்றார். ‘அக்கா பொய் சொல்றா’ என்று நான் சொல்லவில்லை. ‘அத்தான், ராஜினாமா வேண்டாம், லீவு போட்டுட்டு வாங்க. இடத்தை விக்கறதுக்கு முன்னாடி டாக்டரை நீங்க நேர்ல ஒரு தடவை பாருங்க. மேற்கொண்டு என்ன வைத்தியம், எவ்வளவு ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணலாம்’ என்றேன். எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் யோசனைதான் அது. என் சந்தேகத்தை அவரிடம் சொல்ல வேண்டியே வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் சில விஷயம் புரியலை” என்று அவரே சொன்னார்.

உறவினர் எல்லோரையும் கூட்டி வைத்து நடுவில் நிறுத்திக் கேட்பது என்று ஒரு பேச்சு எழுந்தது. அதை நானும் அத்தானும் நடக்க விடவில்லை. நண்பர் மூலமாக ஒரு மனநல மருத்துவரிடம் ஆலோசனை கேட்டோம். அவர் சொன்னவை மிகவும் உதவின. தனியாகப் பேசுங்கள், அவளுக்கு அதிகம் பிடித்த ஒருவர் பேசட்டும். ‘ஏன் பொய் சொன்னாய்’ என்று தொடங்காதீர்கள். அவள் மரியாதை கெடாமல் இறங்கிவர ஒரு படி வைத்துப் பேசுங்கள். முக்கியமாக, பேசி முடித்தவுடன் எழுந்து வந்துவிடாதீர்கள். உண்மை வெளிப்பட்ட அந்த நேரம் ஆபத்தானது. அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரலாம். அன்று இரவு யாராவது கூட இருக்க வேண்டும் என்றார்.

மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்து நான் போனேன். சொல்ல வேண்டியதை முன்பே யோசித்து வைத்திருந்தேன். “அக்கா, உனக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேற இல்லை. ஏதோ ஒரு நேரத்துல ஒண்ணு சொல்லியிருப்போம், அப்புறம் அதை எப்படி மாத்தறதுன்னு தெரியாம போயிருக்கும். அப்படி ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லு. அத்தானும் நானும் பாத்துக்கறோம். இல்லை, நோய் நிஜம்தான்னா, நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம், மூணு பேரும் சேர்ந்து.”

வெகுநேரம் அவள் புடவை முந்தானையின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். “எப்படி நிறுத்தறதுன்னு தெரியலைடா” என்றாள்.

நடந்தது இதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு பயாப்சி முடிவு வரச் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் அவள் நடுங்கிப்போயிருந்தாள். கேன்சராக இருக்கலாம் என்று பெரியம்மாவிடம் சொன்னாள். அது கைமாறிக் கைமாறி ‘கேன்சர்’ ஆகிவிட்டது. வாரம் ஒருமுறை பேசும் அத்தான் தினமும் இரவில் கூப்பிட்டார். ஆண்டுக்கணக்கில் பேசாத உறவுகள் வந்து பார்த்தார்கள். சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்தபோது அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே தெரியாத கடன் வேறு இருந்தது. வந்த பணத்தில் பெரும்பகுதி அதற்குப் போயிருந்தது.

இப்படி நோய் இருப்பதாகக் காட்டிக்கொள்வது மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1951-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், இல்லாத நோயைச் சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சேரும் நோயாளிகளைப் பற்றி எழுதி அதற்கு முன்சௌசன் சிண்ட்ரோம் என்று பெயரிட்டார். இன்று மனநல மருத்துவர்கள் ஃபேக்டிஷியஸ் டிஸார்டர் என்கிறார்கள். பணமோ வேறு லாபமோ முக்கியக் காரணமாக இல்லாமல், நோயாளி என்ற இடத்துக்காகவே ஒருவர் நடிப்பது அது. லாபத்துக்காக மட்டும் நடிப்பதை மனநோய் என்று கணக்கில் எடுப்பதில்லை. அக்காவிடம் இரண்டும் கலந்திருந்தன. இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை மருத்துவரிடமே விட்டுவிட்டோம். குடும்பத்தார் ஆளாளுக்கு இணையத்தில் படித்துவிட்டு ‘உனக்கு இந்த வியாதி’ என்று பட்டம் கட்டக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தோம்.

அவள் ஒப்புக்கொண்டாள். எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. பெரும்பாலும் கோபித்துக்கொண்டு பேச்சை அறுத்துக்கொள்வார்கள், அல்லது நோய் அதிசயமாகக் குணமாகிவிடும், அல்லது இன்னும் பெரிய நோய் வரும். அப்படி ஆனால் நீங்கள் செய்யக்கூடியது உங்கள் எல்லையைச் சொல்வது மட்டும்தான். ‘டாக்டரை நேரில் பார்க்கும்வரை பணம் தர மாட்டேன், ஆனால் என்றைக்குக் கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவேன்.’ இவ்வளவு போதும். அதற்கு மேல் அவரை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வைக்கும் முயற்சியில் உங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். மற்றவர்கள் கேட்டால் ‘எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், நான் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை’ என்று உண்மையை மட்டும் சொல்லுங்கள். பொய் என்ற தீர்ப்பை நீங்கள் வழங்க வேண்டியதில்லை.

தேடிப் போய்ப் பார்த்தபோது நோய் உண்மை என்று தெரியவந்தால்? சந்தேகப்பட்டேன் என்று அவரிடம் போய் ஒப்பிக்க வேண்டாம். அது உங்கள் மனம் லேசாவதற்கே உதவும், அவருக்குப் பாரம். டாக்டரிடம் பேலியேட்டிவ் கேர் பற்றி ஆரம்பத்திலேயே கேளுங்கள். வலி, மூச்சுத் திணறல், பயம் ஆகியவற்றுக்கான அந்தப் பராமரிப்பு கடைசி நாட்களுக்கு மட்டுமானது அல்ல. முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கத்திலிருந்தே அதைப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, சராசரியாகச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

உண்மை தெரிந்த பிறகான காலம்தான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பெரியம்மா முதலில் சாமிக்கு நன்றி சொன்னார், அப்புறம் ஒரு வாரம் மகளுடன் பேசவில்லை. அவர் ஏற்கெனவே மனதுக்குள் மகளைப் பறிகொடுத்து அழுது முடித்திருந்தார். நடக்காத சாவுக்கு அழுத அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது? கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. ‘பெத்தவதானே, விட்டுடுங்க’ என்று அவரை அவசரப்படுத்த நான் யாரையும் விடவில்லை. குடும்பத்திலேயே உண்மையான புற்றுநோயோடு போராடி மீண்ட சித்தப்பா ஒருவர் இருக்கிறார். அவர்தான் எல்லோரையும்விட அதிகம் காயப்பட்டார். தன் வைத்தியச் செலவுக்கு வைத்திருந்ததிலிருந்து கொடுத்தவர் அவர்.

குழந்தைக்கு என்ன சொல்வது என்று மருத்துவரிடம் கேட்டுத்தான் சொன்னோம். அம்மா சாகப்போவதில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றார். அதன் பிறகுதான் மற்றவை. அம்மா உண்மையில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார், அதற்கு உதவி எடுத்துக்கொள்கிறார், இதில் உன் தப்பு எதுவும் இல்லை. அவள் கேட்ட முதல் கேள்வி, ‘இதை ஸ்கூல்ல மிஸ்கிட்ட யார் சொல்றது?’ என்பது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பரீட்சைக்கு விலக்கு வாங்கியிருந்தாளாம். அத்தான் போய்ச் சொன்னார். குழந்தையைத் தூதனுப்பக் கூடாது.

பணத்தை அக்கா திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாதா மாதம் கொடுக்கிறாள். சிலர் வேண்டாம் என்றார்கள். வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். வாங்காவிட்டால் அவள் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

இப்போது எங்களுக்கு இருக்கும் கேள்வி, அடுத்த முறை அவள் உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வது என்பது. பொய் சொன்னவருக்கும் நோய் வரும். முன்பு நடித்தவர் என்பதாலேயே நிஜமான வலியை யாரும் பொருட்படுத்தாமல் உயிர் போன சம்பவங்கள் உண்டு என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம், அவள் சம்மதத்தோடு. எது என்றாலும் எப்போதும் பார்க்கும் ஒரே டாக்டரிடம்தான் போவது. அத்தான் இருந்தால் அவர், இல்லாவிட்டால் நான், அறைக்குள் கூடவே போவது. முடிவை டாக்டர் வாயால் கேட்டுக்கொள்வது. அத்தானிடமும் என்னிடமும் பேசலாம் என்று டாக்டரிடம் அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். சமீபத்தில் வயிற்றுவலி என்றாள். போனோம். பித்தப்பையில் கல். ஸ்கேன் படத்தை டாக்டர் எங்கள் இருவருக்கும் காட்டி விளக்கினார். ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக்கொண்டு வந்தோம்.